ஃப்ளை ஃபிஷிங்: ஈ பிடிக்கிற வேலை இல்லை

அமெரிக்காவின் மொன்டானா மாநில ஆறுகளின் கோடைக்காலப் படங்களில் அடிக்கடி ஒரு காட்சி வரும். தொடையளவுத் தண்ணீரில் நிற்கும் ஒருவர் தூண்டில் கோலின் நீண்ட கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருப்பார். அதுதான் ஃப்ளை ஃபிஷிங். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'ஈ மீன்பிடிப்பு' என்றாகும். இன்னும் கவனம் தப்பினால் 'பறக்கும் மீன்பிடிப்பு'. இரண்டுமே தப்பு.

பழைய ஆங்கிலத்தில் 'ஃப்ளை' என்பது சிறகுள்ள பூச்சிகளுக்கெல்லாம் பொதுப்பெயர். வண்ணத்துப்பூச்சி அங்கே பட்டர்ஃப்ளை, தும்பி டிராகன்ஃப்ளை. வீட்டு ஈ அந்தக் கூட்டத்தில் ஒன்று, அவ்வளவுதான். (நாம் மட்டும் என்ன, தேனீயையும் ஈக்கணக்கில்தானே சேர்த்திருக்கிறோம்!)

மீன்பிடிப்பவர் 'ஃப்ளை' என்னும்போது உயிருள்ள பூச்சியைச் சொல்வதே இல்லை. தூண்டில் முள்ளில் இறகு, மயிர், நூல் கொண்டு கட்டிய போலி இரையைத்தான் சொல்கிறார். பழக்கம் ரொம்பப் பழையது. கி.பி. 200 வாக்கில் ஏலியன் என்ற ரோமானியர், மாசிடோனியாவின் அஸ்ட்ரேயஸ் ஆற்றில் புள்ளி மீன் பிடிப்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இறகுகள் இரண்டைக் கட்டினார்களாம். நிஜப் பூச்சியையே கோத்தால் என்ன? கை பட்டதும் அதன் நிறம் போய்விடுகிறது, மீன் சீந்துவதில்லை என்கிறார்.

மொன்டானாவின் மாடிசன் ஆற்றின் கோடையைப் பார்த்தால் 'ஈ' ஏன் பொருந்தாது என்பது விளங்கும். ஜூன் கடைசி, ஜூலைத் தொடக்கத்தில் அங்கே சால்மன்ஃப்ளை கிளம்பும். ஆற்றடிக் கற்களுக்கிடையே மூன்று, நான்கு ஆண்டு கிடந்த பூச்சி கரையேறித் தோலுரித்து, செம்மஞ்சள் வயிறோடு கரையோர வில்லோ புதர்களில் தொங்கும். ஏறக்குறைய இரண்டங்குல நீளம். அது தண்ணீரில் விழும் நாட்களில் ட்ரவுட் மீனுக்கு விருந்து. அப்புறம் ஆகஸ்டில் புல்வெளியிலிருந்து காற்று அடித்துத் தள்ளும் வெட்டுக்கிளிகள். அந்தந்தக் காலத்துக்கு அதது போலவே முள்ளில் கட்டுகிறார்கள். வெட்டுக்கிளி வடிவில் கட்டினாலும் பெயர் ஃப்ளைதான். சின்ன மீன் வடிவில் கட்டினாலும் ஃப்ளைதான்!

வீச்சிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மண்புழு கோத்துப் போடும்போது ஈயக்குண்டின் எடை மெல்லிய நரம்பை இழுத்துப்போகும். இங்கே இரைக்கு எடையே கிடையாது என்று சொல்லலாம். அதனால் கயிற்றையே தடிமனாக, கனமாகச் செய்திருக்கிறார்கள். வீசப்படுவது கயிறு, இரை அதன் பின்னால் போகிறது. தலைக்கு மேலே அத்தனை ஆட்டமும் இதற்காகத்தான்.

வெயில் ஏறினால் ஆட்டம் நிற்கும். ட்ரவுட் குளிர்நீர் மீன். சூடான தண்ணீரில் உயிர்வளி குறையும், பிடித்துத் திரும்ப ஆற்றில் விட்டாலும் பிழைப்பது கடினம். தொடர்ந்து மூன்று நாள் தண்ணீர் 73 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது சுமார் 23 செல்சியஸைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்க மொன்டானாவில் தடை போடுவார்கள். இதற்கு 'ஹூட் அவுல்' என்று பெயர். காட்டுத்தீ அச்சத்தால் ஆந்தை அலறும் விடியலிலேயே வேலையை முடித்துக்கொண்ட மரவெட்டிகளின் பேச்சிலிருந்து வந்தது. 'ஆந்தைத் தடை' என்று தாராளமாகச் சொல்லலாம்.

சரி, ஃப்ளை ஃபிஷிங்குக்குத் தமிழ்? தூண்டில் நம்மிடம் சங்க காலம் முதல் இருக்கிறது. குறுந்தொகையின் 54-ஆம் பாட்டில், யானை கைவிட்ட பச்சை மூங்கில் மீன் பிடிக்கும் தூண்டில்போல விருட்டென்று நிமிர்கிறது. அந்த உவமையாலேயே புலவருக்கு மீனெறி தூண்டிலார் என்று பெயர். ஆக, கோலையும் சேர்த்துச் சொல்லத் 'தூண்டில்' போதும். செயற்கை இரைக்கு, பொய்க்கால் குதிரையில் வரும் அந்தப் 'பொய்'யை எடுத்துக்கொண்டால் 'பொய்ப்பூச்சி' கிடைக்கிறது. என் தேர்வு 'பொய்ப்பூச்சித் தூண்டில்'. கொஞ்சம் நீளம்தான். பேச்சில் 'பூச்சித் தூண்டில்' என்று குறுக்கிக்கொள்ளலாம். உயிருள்ள பூச்சி என்று யாராவது நினைத்தால் மட்டும் 'பொய்'யைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ட்ரவுட்டை அப்படியே விட்டுவிடலாம். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீன் அது. அவலாஞ்சியில் பொரிப்பகமே வைத்து வளர்த்தார்கள். மீனோடு சேர்ந்து பெயரும் எப்போதோ மலையேறி வந்துவிட்டது.