வெள்ளித் தட்டில் ஒரு முகம்: எடுத்தவர் யார்?

உள்ளங்கையில் அடங்குகிற சின்னத் தோல் பெட்டி. கொக்கியை விலக்கித் திறந்தால், கண்ணாடிக்குப் பின்னால் முதலில் தெரிவது நம் முகம்தான். லேசாகச் சாய்த்தால் நம் முகம் மறைந்து, கறுப்புக் கோட்டு போட்ட யாரோ ஒருவர் எழுந்து வருகிறார். இன்னும் சாய்த்தால் அவரே நெகட்டிவாக மாறிவிடுகிறார். 1840களில் இங்கிலாந்தில் எடுத்த டாகெரோடைப் படங்களை, அதாவது வெள்ளித் தகட்டில் பதிந்த ஆரம்பகால ஒளிப்படங்களை, இந்த ஆட்டத்தை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். பெரும்பாலானவற்றில் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. ஆனால் படம் உருவான விதம் தெரிந்தால், எடுத்தவரைத் தேடிப் போக அந்தத் தட்டே துணை செய்யும்.

செம்புத் தகட்டின் மேல் வெள்ளி பூசி, முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அதை அயோடின் ஆவியில் காட்டினால், ஒளி பட்டால் மாறுகிற வெள்ளி அயோடைடு மெல்லிய படலமாகப் படியும். கேமராவில் ஒளி பட்ட பிறகும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சூடாக்கிய பாதரசத்தின் ஆவியில் வைக்கும்போதுதான், ஒளி விழுந்த இடங்களில் பாதரசமும் வெள்ளியும் கலந்த நுண்துகள்கள் திரள்கின்றன. துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அந்த இடம் வெளுப்பாகத் தெரியும். துகள் இல்லாத இடம் முகம் பார்க்கும் கண்ணாடிபோல எதிரே இருப்பதைக் காட்டும். எதிரே இருட்டு இருந்தால் அது கறுப்பு, வெளிச்சம் இருந்தால் வெளுப்பு. சாய்க்கச் சாய்க்கப் படம் மாறுவது இதனால்தான்.

அந்தத் துகள்கள் தகட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. ஒரு விரல் பட்டால் போதும், கன்னமோ கண்ணோ அழிந்துவிடும். ஓரங்களில் நீலமும் பழுப்புமாகப் படர்வது வெள்ளி சல்பைடுக் கறை. அது அப்படியே இருக்கட்டும். பளபளப்பாக்குகிறேன் என்று ரசாயனத்தில் முக்கிக் கெடுத்த தட்டுகள் ஏராளம். தட்டையும் கண்ணாடியையும் சேர்த்து ஒட்டிய பழைய காகிதம் பிரியாமல் இருந்தால் அதைப் பிரிக்கவே வேண்டாம், பாதுகாப்பு வல்லுநரிடம் கொண்டுபோங்கள்.

சரி, எடுத்தவர் யார்? முதலில் கோட்டுப் பொத்தான்களைப் பாருங்கள். டாகெரோடைப்பில் ஒளி விழுந்த தகடே படமும் ஆவதால், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக மாறியிருக்கும். ஆண்களின் கோட்டில் பெரும்பாலும் இடப்பக்கத் துணி மேலே படியும். படத்தில் வலப்பக்கம் மேலே தெரியும். மாறாமல் நேராக இருந்தால், அதுவும் தட்டு இரண்டு அங்குல அளவுக்கே இருந்தால், எனக்கு உடனே ரிச்சர்ட் பியர்டு நினைவுக்கு வருவார். நிலக்கரி வியாபாரியாக இருந்த அவர், 1841 மார்ச் 23 அன்று லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் இங்கிலாந்தின் முதல் படக்கூடத்தைத் திறந்தார். அங்கே பயன்பட்டது அமெரிக்கரான உல்காட் வடிவமைத்த கேமரா. அதில் லென்ஸ் கிடையாது, குழியாடிதான். ஆடி ஒருமுறை திருப்பிவிடுவதால் படம் நேராகிவிடும். ஆனால் சின்னதாகத்தான் விழும். பிற்பாடு முப்பட்டகம் வைத்து நேராக்கியவர்களும் உண்டு, அதனால் இது ஒரு தடயம் மட்டுமே.

இங்கிலாந்தில் தேடுபவருக்கு ஒரு வசதி உண்டு. பிரான்சில் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டுவிட்ட இந்த முறைக்கு, இங்கிலாந்தில் 1839 ஆகஸ்டில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அது 1853 வரை நீடித்தது. அந்த உரிமையை பியர்டு வாங்கி, ஊர் ஊராக உரிமம் விற்றார். இந்த முறையைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் டாகெரிடமே நேராக உரிமம் பெற்ற அந்துவான் கிளோதே, 1841 ஜூனில் லண்டன் அடிலெய்டு காலரியில் தன் படக்கூடத்தைத் தொடங்கினார். ஆகவே அந்த 14 ஆண்டுகளில் முறைப்படித் தொழில் செய்தவர்கள் குறைவு. பழைய ஊர் விவரப் புத்தகங்கள், செய்தித்தாள் விளம்பரங்கள், மக்கள்தொகைப் பதிவேடுகள் மூன்றையும் வைத்து அவர்களை ஒவ்வொருவராகத் தொடர முடியும்.

முகவரியும் பேசும். பியர்டு 1842இல் பார்லிமெண்ட் தெருவிலும் கிங் வில்லியம் தெருவிலும் கிளைகள் திறந்தார். பாலிடெக்னிக்கோடு சேர்த்து மூன்று முகவரியும் பெட்டியில் இருந்தால் படம் அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. தகட்டின் ஓரத்து முத்திரையைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது தகடு செய்தவரின் அடையாளம், படம் எடுத்தவருடையது அல்ல. அதிலுள்ள 40 என்ற எண் வெள்ளியின் பங்கைக் குறிக்கிறது, ஆண்டை அல்ல. அப்புறம், காந்தம் ஒட்டினால் அது டாகெரோடைப்பே இல்லை. 1850களின் நடுவில் வந்த இரும்புத் தகட்டுப் படம்.

கிளோதே 1867 டிசம்பரில் இறந்தார். ஒரு மாதத்துக்குள் ரீஜென்ட் தெருவிலிருந்த அவருடைய கூடம் தீப்பிடித்து, அங்கே இருந்த படங்களில் பெரும்பகுதி அழிந்தது. இன்று அவருடைய கைவேலை என்று நாம் பார்ப்பதில் பெரும்பாலானவை, படம் எடுத்துக்கொண்டவர்கள் அதற்கு முன்பே வீட்டுக்கு எடுத்துப்போனவை. யாருடைய படம் என்று தெரியாமல் ஏதோ ஒரு மேசை இழுப்பறையில் கிடந்து தப்பியவை.