போர்வையின் ஓரம் ஏன் சுருள்கிறது?

"வெளிர் ரோஜா நிற நூலில் குழந்தைப் போர்வை பின்னினேன். ஒரு வரி நிட், அடுத்த வரி பர்ல். ஊசியிலிருந்து எடுத்ததும் நாலு ஓரமும் சுருண்டுவிட்டன. என்ன தப்புச் செய்தேன்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஒரு தப்பும் இல்லை. பர்ல் என்பது நிட்டின் மறுபக்கம். ஒரு வரி முடிந்ததும் துணியைத் திருப்பிப் பின்னுவதால், பின்பக்கம் போட்ட பர்லும் முன்பக்கம் நிட்டாகவே தெரியும். ஆக, எல்லாக் கண்ணியையும் (நூல் வளையத்தையும்) ஒரே மாதிரி போட்டிருக்கிறார், அதனால்தான் சுருள்கிறது.

நெய்த துணியில் பாவும் ஊடையும் ஏறக்குறைய நேராக ஓடுகின்றன. பின்னலில் இருப்பது ஒரே நூல், கண்ணிக்குள் கண்ணியாக. இழுத்தால் நூல் நீள்வதில்லை, வளைவுகள்தான் வடிவம் மாறுகின்றன. அகலத்தில் இழுத்தால் நீளம் குறையும். இது தெரிந்ததுதான்.

சுவாரசியம் ஒற்றைக் கண்ணிக்குள் இருக்கிறது. வெளிர் நிற நூல் இதற்கு வசதி, நிழல்கள் தெளிவாகத் தெரியும். நிட் போடும்போது புதிய கண்ணியைப் பழைய கண்ணிக்குள் பின்னாலிருந்து முன்னால் இழுக்கிறோம். அதனால் கண்ணியின் இரண்டு கால்களும் முன்பக்கம் தெரிகின்றன. தலையும் பாதமும் பின்பக்கம் ஒளிந்துகொள்கின்றன. ஒரு காலைக் கீழிருந்து மேலாகப் பின்தொடருங்கள்: பின்னால் தொடங்கி, முன்னால் புடைத்து, மறுபடி பின்னால் போகிறது. வளைத்த நூல் நிமிரப் பார்க்கும். நிமிர்ந்தால் மேல்நுனியும் கீழ்நுனியும் முன்னால் வர வேண்டும். இப்போது தலையைக் குறுக்காகப் பாருங்கள்: முன்னாலிருந்து கிளம்பி, பின்னால் புடைத்து, முன்னால் திரும்புகிறது. இது நிமிர்ந்தால் இடமும் வலமும் பின்னால் போக வேண்டும்.

போர்வையை எடுத்துப் பாருங்கள். மேல், கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும், பக்கவாட்டு ஓரங்கள் பின்பக்கமாகவும் சுருண்டிருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை!

ஒரு கண்ணியின் முறுக்கம் அற்பம்தான். ஆயிரக்கணக்கான கண்ணிகள் ஒரே திசையில் முறுக்கினால் சேர்ந்துவிடுகிறது. நடுவில் சுற்றியிருப்பவை பிடித்துவைத்துக்கொள்ளும், ஓரத்தில் பிடிக்க ஆளில்லை. எல்லா வரியும் நிட்டாகவே போட்டால், திருப்பித் திருப்பிப் பின்னுவதால் ஒரு வரி முன்முகம், அடுத்த வரி பின்முகம் என்று அமைந்து முறுக்கங்கள் ஒன்றையொன்று அடித்துவிடும். இதுதான் கார்டர் பின்னல். தட்டையாகக் கிடக்கும், நீளவாக்கில் தாராளமாக இழுபடும். நிட்டையும் பர்லையும் பத்தி பத்தியாக மாற்றிப் போட்டால் ரிப். அது அகலவாக்கில் விரியும். நூலும் ஊசியும் அதேதான்.

அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியலாளர் எலிசபெட்டா மாட்சுமோட்டோவின் குழு இதைத்தான் ஆராய்கிறது. நான்கு அடிப்படைப் பின்னல்களின் இழுவைத் தன்மையை அளந்தும் கணித்தும் 2024இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். "ஸ்வெட்டர் பின்னவெல்லாம் ஆராய்ச்சிப் பணமா?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியே எரிச்சல். இதையே உலோகக் கம்பியில் செய்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ பின்னல் இயந்திரம் செய்துவிட்டார்; பின்னல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்ற கணக்கு இன்னும் முடியவில்லை.

ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே வேறு கதை. ஒவ்வொரு கண்ணியையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறோம். கொக்கியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே கண்ணி. அதனால் துணி தடிப்பாக வரும், குறைவாக இழுபடும், பின்னல் போல ஓரம் சுருளாது.

சரி, வாசகியின் போர்வைக்கு வருவோம். கம்பளி என்றால் நனைத்து, இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தால் தட்டையாகும். ஈரத்தில் இழைகளுக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்ந்து, காயும்போது புதிய இடத்தில் கட்டிக்கொள்கின்றன. அடுத்த துவையலில் மறுபடி அவிழும். குழந்தைப் போர்வையைத் துவைக்காமல் இருக்க முடியுமா? அக்ரிலிக் நூலுக்கு நீராவி காட்டினால் நிரந்தரமாகத் தட்டையாகும், ஆனால் துள்ளல் போய்த் தொளதொளவென்றாகிவிடும். பிரிக்க வேண்டாம். நாலு ஓரத்திலும் கண்ணி எடுத்து, அகலமாகக் கார்டர் பட்டை போடுங்கள். இரண்டு மூன்று வரியோடு நிறுத்தினால் பட்டையும் சேர்ந்து மடங்கும்.