பன்னிரண்டாவது காணி

திருகோணமலையில் காணி வாங்குகிறவர்கள் அனேகமாக ஆடி, ஆவணியில்தான் பார்க்கப் போவார்கள். கச்சான் காற்று வீசும் நாட்கள். மண் காய்ந்து கிடக்கும், கிணற்றுத் தண்ணீர் அடியில் தெரியும், எது மேடு எது பள்ளம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. கார்த்திகையில் வாடை திரும்பியதும் அதே காணியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். இங்கே ஓராண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மண்ணும் வாய்க்காலும் ஏற்கெனவே நிறைந்திருக்கும்போதுதான் அடுத்த மழையும் வருகிறது.

உப்புவெளிப் பக்கம் ஓர் ஒழுங்கையில் என் சின்னம்மாவின் வீடு இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது அந்த வளவுக்குள் வெள்ளம் வந்ததில்லை. பிறகு ஒழுங்கையில் முதலாவது புது வீடு எழும்பியது. இரண்டடி கிறவல் போட்டுக் காணியை உயர்த்தினார்கள். அடுத்தவர் அதைவிட அரையடி கூடப் போட்டார். கடைசியில் ஒழுங்கைக்கும் கொங்கிறீற் போட, அதுவும் உயர்ந்தது. இன்றைக்குச் சின்னம்மாவின் முற்றம்தான் அங்கே ஆகப் பள்ளமான இடம். மாரி தொடங்கினால் அரிசி வாளியும் காணி உறுதியும் மேசைக்கு மேலே ஏறிவிடும். அயலவர்கள் எவரிலும் எனக்குக் கோபமில்லை. தன் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் பார்ப்பது எவருக்கும் இயல்பு. அப்படித் தள்ளிவிடப்பட்ட தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய ஒரு கட்டம் இருந்தது. அது வீட்டுப் பிளான் பாஸ் பண்ணும் நாளுக்கும் முந்தியது: தோட்டத்தைக் காணித்துண்டுகளாகப் பிரித்த நாள்.

அந்த நாளில் என்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு பேர்ச் என்பது ஏறத்தாழ 25.3 சதுர மீற்றர்; ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். ஆக, ஓர் ஏக்கரில் 60 மில்லிமீற்றர் பெய்தால் 243,000 லீற்றர் விழுகிறது. மாரியில் ஒரு மணி நேரத்துக்குள் இவ்வளவு கொட்டுவது இந்தக் கரையில் அதிசயமல்ல.

விழுவது எல்லாம் ஓடிவிடாது. பனையும் புல்லும் நிற்கும் மணற்காணியாக இருந்தால், ஐந்தில் ஒரு பங்கு மேலால் ஓடும். மீதி மண்ணுக்குள் இறங்கும், இலைகளில் தங்கும், சிறு பள்ளங்களில் தேங்கும். பொறியியலாளர்கள் இந்தப் பங்கை ஓடுநீர்க் குணகம் என்கிறார்கள். மணற்காணிக்கு அது 0.2 என்று கொள்வோம். கூரைக்கும் கொங்கிறீற்றுக்கும் 0.9 அளவில் வரும்.

இப்போது அந்த ஏக்கரைப் பத்துப் பேர்ச் வீதம் 12 காணிகளாகப் பிரிக்கிறோம். மீதி 40 பேர்ச் பாதைக்கும் மூலைகளுக்கும் போகிறது. கூரை, முற்றத்து இன்டர்லொக் கல், கராஜ், பாதை எல்லாம் சேர்ந்து நிலத்தில் 60 வீதத்தை மூடிவிட்டால், மொத்தக் குணகம் 0.62 ஆகிறது. முன்பு விநாடிக்கு 13 அல்லது 14 லீற்றர் வெளியேறிய காணியிலிருந்து இனி 42 லீற்றர் வெளியேறும். மூன்று மடங்கு. ஆனால் வீதியோர வாய்க்கால் அதே பழைய வாய்க்கால். மதகுக்குக் கீழே போட்ட ஹியூம் பைப்பும், அந்தக் கொங்கிறீற்றுக் குழாயும், பழைய தோட்டத்தின் தண்ணீருக்குப் போட்ட பைப்தான்.

அளவு மட்டும் கூடவில்லை, வேகமும் கூடுகிறது. புல்லில் தண்ணீர் நடக்கும், கொங்கிறீற்றில் ஓடும். முன்பு ஒரு வளவின் நீர் வந்து சேர்வதற்குள் இன்னொன்றின் நீர் கடந்து போயிருக்கும். இப்போது எல்லாக் கூரைகளின் நீரும் ஒரே நேரத்தில் மதகடிக்கு வந்து முட்டுகிறது. வெள்ளத்தின் உச்சம் இப்படித்தான் உயர்கிறது.

இதைத் தடுக்க எவ்வளவு நீரை மறித்து வைக்க வேண்டும்? அந்த ஒரு மணி நேரத்தில் புதிதாகக் கூடிய தண்ணீர் ஏறத்தாழ 102,000 லீற்றர், அதாவது 102 கன மீற்றர். அரை மீற்றர் ஆழத்தில் ஒரு பள்ளம் வெட்டினால் அதற்கு 204 சதுர மீற்றர் நிலம் போதும். எட்டுப் பேர்ச். பன்னிரண்டு காணிகளில் ஒன்றை விற்காமல், அந்த ஏக்கரின் ஆகத் தாழ்ந்த மூலையில் புல் வளர்த்துப் பள்ளமாக விட்டால், அதன் வாயில் ஒரு சிறு பைப் மட்டும் வைத்தால், பழைய 13 லீற்றருக்கு மேல் வெளியே போகாது. வெய்யில் காலத்தில் பிள்ளைகள் அங்கே பந்தடிக்கலாம். பதினொரு வீடுகள் கட்டி முடிந்தபின் இதே பள்ளத்துக்கு இடம் தேடினால், எவருடைய வளவில் வெட்டுவது?

இதற்கு இடம்தரக்கூடிய சட்டங்கள் நாட்டில் இல்லாமலில்லை. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1986ஆம் ஆண்டு விதிகளிலேயே, 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரிக்கும்போது வீதிகள் நீங்கலாகக் குறைந்தது 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. வயல் நிலத்தை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் 1,000க்கு மேற்பட்ட வீடுகள் கட்டுவதும், 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலம் நிரப்புவதும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்கு உட்பட்டவை.

இந்த எண்களைச் சின்னம்மாவின் ஒழுங்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1 ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். எங்கள் பக்கத்தில் தோட்டங்கள் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் என்றுதான் கைமாறுகின்றன. ஒவ்வொன்றும் இந்த எல்லைகளுக்குக் கீழால் நழுவிவிடும். பத்துத் தோட்டங்கள் பத்து வருடத்தில் பிரிபட்டால் பத்து ஏக்கர் மூடப்படுகிறது. ஆனால் அந்தப் பத்து ஏக்கரை ஒன்றாக வைத்துப் பார்த்த கோப்பு எங்கேயும் இருக்காது. தண்ணீர் மட்டும் ஒன்றாகக் கூடும். ஆகவே உள்ளூர்த் திட்டத்தில் எல்லையை ஹெக்டேயரில் வைப்பதைவிட, வெளியேறும் நீரில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: எவ்வளவு சிறிய காணியாக இருந்தாலும், பிரித்த பிறகு வெளியேறும் நீர் பிரிக்க முன்னர் வெளியேறியதைவிடக் கூடக் கூடாது. நில அளவையாளர் வரைபடம் கீறும்போதே மட்ட உயரங்களைக் குறித்து, தண்ணீர் போகும் வழியை அம்புக்குறியால் காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும்.

"நிலத்துக்குள் விட்டுவிடலாமே, இது மணல்தானே" என்று பலர் சொல்வார்கள். ஆடியில் அது சரி. கரையோர மணல் தண்ணீரை விழுங்குவதைப் போல வேறெந்த மண்ணும் விழுங்காது. ஆனால் நிலாவெளிப் பக்கத்தில் மார்கழியில் கிணற்றை எட்டிப் பாருங்கள். சில இடங்களில் கயிறு தேவையில்லை, குனிந்து வாளியால் மொள்ளலாம். கிணற்றில் தெரியும் மட்டமே சுற்றிலும் மண்ணுக்குள் நிற்கும் தண்ணீரின் மட்டம். மழைநீரை மண்ணுக்குள் இறக்க வெட்டும் உறிஞ்சுகுழியின் அடி அந்த மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் அது குழியல்ல, இன்னொரு கிணறு. உள்ளே விடும் தண்ணீருக்குப் போக இடமிருக்காது. மலசலகூடக் குழிக்கும் இதே கதைதான். வெள்ளத்துக்குப் பிறகு வயிற்றோட்டம் பரவுவதில் அதற்கும் பங்குண்டு. ஆகவே இங்கே ஆழமான குழிகளை நம்பித் திட்டம் போடக் கூடாது. ஆழம் குறைந்து அகலம் கூடிய புல் வாய்க்கால்களும் பள்ளங்களும்தான் மாரிக்குத் தாங்கும். எந்த வடிவமைப்பையும் மார்கழிக் கிணற்றின் மட்டத்தை அளந்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மழைநீர்த் தாங்கியிலும் இப்படியொரு நுட்பம் இருக்கிறது. 2007இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தைத் திருத்தி மழைநீர் சேகரிப்பை அதற்குள் கொண்டுவந்தார்கள். நல்ல விடயம். ஆனால் குடிக்கவும் கழுவவும் சேர்க்கும் தாங்கி நிறைந்திருக்க வேண்டும், வெள்ளத்தை மறிக்கும் தாங்கி வெறுமையாக இருக்க வேண்டும். ஒக்டோபர் மழையிலேயே நிரம்பிவிட்ட தாங்கி டிசம்பர் வெள்ளத்தில் ஒரு லீற்றரைக்கூடத் தடுக்காது. இரண்டையும் ஒரே தாங்கியில் செய்ய வழியுண்டு. பாதி உயரத்தில் விரல் அளவில் ஒரு துளை போட்டு, அதற்கொரு சிறு குழாய் பூட்டுவது. துளைக்குக் கீழே உள்ளது வீட்டுக்கு. மேலே உள்ளது ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மெல்ல வடிந்து, அடுத்த மழைக்கு இடம் வைத்துக் காத்திருக்கும். நம் முன்னோர் குளத்துக்கு, நீரைத் திறந்துவிடும் மதகும் மிகைநீர் வழிந்தோடும் வானும் வெவ்வேறு மட்டத்தில் வைத்த அதே யோசனை, கூரைக்குக் கீழே சிறிதாக.

கிறவல் விடயத்துக்கு மறுபடி வருகிறேன். தண்ணீர் நின்று பழகிய பத்துப் பேர்ச் காணியில் இரண்டடிக்கு மண் நிரப்பினால், அங்கே நிற்கக்கூடிய 154 கன மீற்றர் தண்ணீரின் இடத்தை டிப்பரில் வந்த மண் பிடித்துக்கொள்கிறது. 154,000 லீற்றர் பக்கத்து வளவுக்குப் போகிறது. வீட்டின் தரைமட்டம் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கத்தான் வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. அதற்காகக் காணி முழுவதையும் உயர்த்தத் தேவையில்லை. தூண்களில் வீட்டை நிறுத்தலாம், அல்லது வீட்டின் அத்திவாரத்தை மட்டும் உயர்த்தி முற்றத்தைப் பழைய மட்டத்தில் விடலாம். நிரப்பியே ஆகவேண்டுமென்றால், நிரப்பிய அளவுக்கு அதே மட்டத்தில், அதே நீரோட்டத்தோடு தொடுத்து வேறோரிடத்தில் வெட்டிக் கொடுக்க வேண்டும். அடைத்துக் கட்டும் மதிலுக்கும் ஒரு சொல்: அடியில் நீர்வழி விடாத மதில் ஓர் அணைக்கட்டு.

இதுவரை சொன்னது வானத்திலிருந்து நேரே விழும் மழையின் வெள்ளம். மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கத்துக்கு இன்னொரு வெள்ளமும் வருகிறது. மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் கடலைத் தொடுகிறது. அங்கே மழை விட்டு வெய்யில் எறிக்கும்போதுகூட மேலே பெய்ததன் நீர் வந்து சேரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்து ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. குளத்துக் கட்டுக்குக் கீழே குடியிருப்பதன் ஆபத்தும் எங்களுக்குப் புதிதல்ல. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளம் உடைப்பெடுத்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். இந்த வெள்ளங்களுக்கு எட்டுப் பேர்ச் பள்ளமும் துளைபோட்ட தாங்கியும் ஒன்றும் செய்யா. அங்கே கேட்க வேண்டியது எங்கே கட்டுவது என்பதை மட்டுமே.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வரிசைமுறைச் சோதனை வைத்திருக்கிறார்கள். நிலத்தை வெள்ளத்துக்கான சாத்தியப்படி வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஆற்று வெள்ளம் வர ஓராண்டில் 1 வீதம் அல்லது அதற்கு மேல் வாய்ப்புள்ள நிலம் ஆகக் கூடிய ஆபத்து வலயம், 0.1 வீதத்துக்கும் குறைவானது ஆகக் குறைந்தது. ஆபத்துக் குறைந்த நிலம் வேறெங்கும் கிடைக்காது என்று காட்டிய பிறகுதான் கூடிய வலயத்தில் வீடு கட்டுவதைப் பற்றியே பேசலாம். "எப்படிப் பாதுகாப்பது" என்பதற்கு முன்னால் "ஏன் இங்கே" என்று கேட்கும் அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

1 வீதம் என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறைதானே என்று ஆறுதல்பட வேண்டாம். அது ஒவ்வொரு வருடமும் புதிதாகப் போடும் தாயம். 30 வருட வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் அப்படியொரு வெள்ளம் ஒருதடவையாவது வரும் வாய்ப்பு 26 வீதம், நாலில் ஒன்றுக்கும் சற்று மேல்.

வலயப் படம் உங்கள் கைக்கு எட்டும்வரை ஊர்ப் பெயர்களே ஒரு படம். உப்புவெளி, சாம்பல்தீவு, ஆண்டான்குளம், பாலையூற்று, ஆலங்கேணி: வெளி, தீவு, குளம், ஊற்று, கேணி. பெயரிட்டவர்கள் அங்கே எதைக் கண்டார்கள் என்று யோசித்தால் போதும். காணி பார்க்கப் போகிறவர் ஆடியில் ஒருமுறை போனாலும் மார்கழியில் இன்னொருமுறை போகட்டும். பக்கத்து மதிலில் கறை எந்த உயரத்தில் நிற்கிறது, வேலியோரம் கோரை வளர்ந்திருக்கிறதா, கிணற்றில் கைக்குத் தண்ணீர் எட்டுகிறதா என்று பார்க்கட்டும். பிரித்த வரைபடத்தை வாங்கி, பன்னிரண்டு துண்டுகளில் எந்தத் துண்டு தண்ணீருக்கு என்று விற்கிறவரிடம் கேட்கட்டும். எதுவுமில்லை என்று பதில் வந்தால், அந்த ஏக்கரின் ஆகத் தாழ்ந்த துண்டு எதுவென்று மட்ட உயரங்களைப் பார்த்து அறிந்துகொண்டு, அதை வாங்காமல் விடுவது நல்லது.