'சரி தம்பி' என்றால் மார்க் போட்டுவிடலாமா?

எம்.பி.பி.எஸ். செய்முறைத் தேர்வில் 'லாங் கேஸ்' என்று ஒன்று உண்டு. மாணவர் ஒரு நோயாளியிடம் முக்கால் மணி நேரம் போல உட்கார்ந்து விசாரித்து, சோதித்து, எழுதி வைப்பார். அப்புறம்தான் தேர்வாளர்கள் போவோம். எழுதியதை வைத்துத் துருவித் துருவிக் கேட்போம். அவர் நோயாளியிடம் பேசியதை மட்டும் எங்களில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டோம்.

பழைய தேர்வின் குறைகளைப் போக்க 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 'ஆஸ்கி' முறையைக் கொண்டுவந்தார். வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் சில நிமிடம், எல்லோருக்கும் ஒரே வேலை, தேர்வாளர் கையில் ஒரு பட்டியல். நம் நாட்டிலும் 2019-இல் சேர்ந்தவர்கள் தொடங்கி, நோயாளியிடம் பேசும் பாங்கு பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. நல்லதுதான். ஆனால் பட்டியலில் என்ன இருக்கிறது? வணக்கம் சொன்னாரா, தன் பெயரைச் சொன்னாரா, 'புரிந்ததா' என்று கேட்டாரா. டிக், டிக், டிக்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஆச்சி ஒருவர், ஆஸ்துமாவோடு வருகிறார் என்று வையுங்கள். மாணவர் பணிவாகத்தான் விளக்குகிறார்: கேப்சூலை ரோட்டாஹேலரில் (மருந்துப் பொடியை மூச்சில் இழுக்கும் கருவி) செருகித் திருகணும், மூச்சை வெளியே விட்டுட்டு வாயில் வைத்து பலமா இழுக்கணும், பத்து விநாடி அடக்கணும், அப்புறம் வாய் கொப்பளிக்கணும். 'புரிஞ்சுதா ஆச்சி?' 'சரி தம்பி.' பட்டியல்படி முழு மார்க். 'வீட்ல எப்படிப் போடுவீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். 'காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, வெந்நில முழுங்கணும். அவ்வளவுதான?'

கேப்சூலை முழுங்கிவிட்டு 'இளைப்பு கேக்கவே மாட்டேங்குது' என்று திரும்பி வருகிறவர்களை நெஞ்சுநோய்ப் பிரிவில் வேலை பார்த்த எவரும் பார்த்திருப்பார்கள். நுரையீரலுக்குப் போக வேண்டிய பொடி வயிற்றுக்குப் போனால் எப்படிக் கேட்கும்? நம் பக்கத்துப் பெரியவர்கள் டாக்டர் முகத்தைப் பார்த்து 'புரியல' என்று சொல்லத் தயங்குவார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் கேட்பார்கள், இல்லையென்றால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம். ஆகவே 'புரிந்ததா' என்ற கேள்விக்கு ஒரு மார்க்கும் தரக்கூடாது என்பது என் கட்சி. மார்க்கெல்லாம் அடுத்த படிக்குத்தான்: 'நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும் ஆச்சி, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க.' ஆச்சி செய்வதைப் பார்த்து, தப்பிய இடத்தை மட்டும் மறுபடி சொல்லிக் கொடுத்தால் பாஸ்.

நோயாளியாக நடிக்க ஆள் வைக்கலாம். அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் 1963-லேயே ஆரம்பித்துவிட்டார். ஆனால் ஒன்று, நடிப்பவர் மாணவர்மேல் இரக்கப்பட்டு எல்லாம் புரிந்தவர்போல் உதவிவிடக் கூடாது. (நம் வார்டு ஆயாக்கள் இதற்குச் சரிப்பட மாட்டார்கள், பாவம் பார்த்துவிடுவார்கள்.)

'ஓ.பி.யில் கூட்டம் நெரியும்போது இதெல்லாம் நடக்குமா?' என்பார்கள் உடன் வேலை பார்க்கும் ஆசிரியர்கள். அந்த நெரிசலிலேயே வைத்துப் பார்த்தால்தான் என்ன? 'மினி சி.இ.எக்ஸ்.' என்ற தேர்வு முறை அதற்கானதுதான். உண்மையான நோயாளியிடம் மாணவர் பேசுவதைப் பதினைந்து, இருபது நிமிடம் பக்கத்தில் நின்று கவனித்து, கையோடு அங்கேயே குறை நிறையைச் சொல்லிவிட வேண்டும். வருடக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். மாதம் ஒரு நோயாளி என்று வைத்தாலே போதும்.