தரவு ஒத்திசைவா, மாறி இணக்கமாக்கலா?

பல ஆய்வுகளின் நலவாழ்வுத் தரவுகளைச் சேர்த்துப் பகுப்பாய்வது பற்றித் தமிழில் எழுதுவோர், வெவ்வேறு விதமாக அளந்தவற்றை ஒப்பிடத்தக்கவையாக்கும் ‘ஹார்மனைசேஷன்’ (harmonization) வரும் இடமெல்லாம் ‘தரவு ஒத்திசைவு’ என்றே எழுதிவருகிறார்கள். காதுக்கு இனிக்கிறது, பொருள்தான் பிழை.

கிரேக்கத்தில் ‘ஹார்மோஸ்’ என்பது மூட்டு. அதன் வழிவந்த ‘ஹார்மோனியா’ பலகைகளின் பிணைப்பைக் குறித்து, பிறகே இசைக்குப் போயிற்று. நம் மொழிபெயர்ப்பாளர்கள் தச்சரை விட்டுவிட்டுப் பாடகரைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒத்திசைவு என்றால் கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே தொடர்புப் பட்டியல் இருக்கும்படி செய்வது என்றே வாசகர் இன்று புரிந்துகொள்வார். அங்கே இரு பக்கமும் ஒரே படியாகிவிடும். ஆய்வுத் தரவில் மூலம் அப்படியே இருக்கும். அதிலிருந்து ஒப்பிடத்தக்க புதிய மாறி (variable; எடை, வயது போல ஆளுக்கு ஆள் வேறுபடும் அளவு) ஒன்று வருவிக்கப்படும். ‘ஒரு அளவு மது’ என்பது அமெரிக்காவில் 14 கிராம் ஆல்கஹால், ஆஸ்திரேலியாவில் 10, பிரிட்டனில் 8. மூன்றையும் கிராமுக்கு மாற்றினால் வேலை முடிந்தது. இடுப்புச் சுற்றளவில் அது நடக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் முறையில் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடா சுற்றப்படுகிறது. அமெரிக்கத் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பிலோ அந்த விளிம்பையொட்டியே சுற்றப்படுகிறது. எந்த வாய்பாட்டாலும் இவ்வேறுபாட்டை ஒவ்வொருவருக்கும் துல்லியமாகச் சரிசெய்துவிட முடியாது என்பதால், ‘இவை இணங்கா’ என்று தள்ளுவதும் இப்பணியின் முறையான முடிவுகளில் ஒன்றே. ‘ஒத்திசையவில்லை’ என்று எழுதினாலோ இணைய இணைப்பு அறுந்ததாகத்தான் தோன்றும்.

‘தரப்படுத்தல்’ என்போரும் உண்டு. வயதமைப்பு வேறுபடும் மக்கள்தொகைகளை ஒப்பிட உதவும் வயதுவாரித் தரப்படுத்தல் என்று புள்ளியியலில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. இலங்கை வாசகருக்கோ அப்பெயரால் மதிப்பெண்களைச் சரிக்கட்டிய 1970களின் பல்கலைக்கழக அனுமதிதான் முதலில் நினைவுக்கு வரும். ‘இசைவாக்கம்’ நல்ல சொல்தான், ஆனால் உயிரிகள் சூழலுக்கேற்பத் தகவமைவதைக் குறிக்க உயிரியல் அதை முன்பே எடுத்துக்கொண்டது.

ஆகவே ‘இணக்கமாக்கல்’ என்பதே என் தேர்வு; அதிலும் ‘மாறி இணக்கமாக்கல்’ இன்னும் துல்லியம், ஏனெனில் இங்கே இணங்கவேண்டியது எண்கள் அல்ல, மாறியின் வரையறை. 1992இல் தொடங்கிய அமெரிக்க ஓய்வுக்கால ஆய்வோடு ஒப்பிடும்படி, 2017–18இல் முதற்சுற்று நடந்த இந்திய முதுமை ஆய்வின் கேள்விகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டதை ‘முன்னோக்கு இணக்கமாக்கல்’ என்றும், தனித்தனியே முடிந்துபோன ஆய்வுகளைப் பின்னர் பொருத்துவதைப் ‘பின்னோக்கு இணக்கமாக்கல்’ என்றும் தடங்கலின்றிச் சொல்லலாம்.