ஃபத்வா: சொல்லும் பொருளும் தமிழும்

இஸ்லாமிய மார்க்கச் சட்டம் பற்றி ஒருவர் கேட்ட கேள்விக்குத் தகுதியுள்ள அறிஞர் தரும் விடைதான் ஃபத்வா. கேட்டவர் அதன்படி நடப்பது அவருக்கும் இறைவனுக்கும் இடையிலான விஷயம். நடக்க வைக்கும் அதிகாரம் விடை சொன்னவருக்குக் கிடையாது.

இந்தச் சொல்லைச் செய்தித் தலைப்புகளில் மட்டும் பார்த்துப் பழகியவருக்கு இது வியப்பாக இருக்கும். அங்கே ஃபத்வா 'பிறப்பிக்கப்படுகிறது', 'விதிக்கப்படுகிறது', சில நாள் 'பாய்கிறது'. இஸ்லாத்தைப் பற்றிப் பிற சமயத்தார் கொண்டிருக்கும் எண்ணத்தில் பெரும் பங்கு ஜிஹாத், ஷரீஅத், காஃபிர், ஃபத்வா என்ற நாலைந்து அரபுச் சொற்கள் வழியாகவே வந்து சேர்ந்தது. முஸ்லிம்களிலும் பலர், யாரோ ஒருவருக்கு எப்போதோ சொல்லப்பட்ட ஃபத்வாவைக் கைப்பேசியில் படித்துவிட்டு அதுவே மார்க்கம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மற்றச் சொற்களின் பொருளில் அறிஞர்களிடையே நீண்ட விவாதங்கள் உண்டு. ஃபத்வாவின் பொருளில் அவ்வளவு சிக்கல் இல்லை. அதனால் இந்தப் பிழையைத் திருத்துவது எளிது.

வேர்

அரபு வேர் ஃபா, தா, யா. அகராதி ஆசிரியர் இப்னு ஃபாரிஸ் இந்த வேருக்கு இரண்டு அடிப்படைப் பொருள்களைத் தனித்தனியாகத் தருகிறார். ஒன்று இளமை, புதுமை. இளைஞனைக் குறிக்கும் 'ஃபதா' அதில் வருவது. மற்றொன்று ஒரு சட்டத்தைத் தெளிவாக்கிக் காட்டுவது. குர்ஆன் விரிவுரையாளர் ஸமக்ஷரீ (இறப்பு 1144) இரண்டையும் இணைத்து, இளைஞன் என்ற சொல்லிலிருந்தே உருவகமாக ஃபத்வா பிறந்தது என்கிறார். அவர் அதற்குத் தரும் பொருள் மிகச் சுருக்கமானது: நிகழ்ந்த ஒன்றைப் பற்றிய விடை. ஆணை, தண்டனை, தீர்ப்பு எதுவும் அதில் இல்லை.

குர்ஆனிலேயே இந்தச் சொல்லின் வினை வடிவங்கள் பல இடங்களில் வருகின்றன. அவற்றுள் 27:32 எல்லாவற்றையும் தெளிவாக்கிவிடுகிறது. சுலைமான் நபியின் கடிதம் கிடைத்ததும் ஸபா நாட்டு அரசி தன் அவையோரைப் பார்த்து, என் விஷயத்தில் எனக்கு ஃபத்வா சொல்லுங்கள் என்கிறாள். ஆள்பவள் அவள், ஃபத்வா சொல்ல வேண்டியவர்கள் அவளுக்குக் கீழே இருப்பவர்கள். அடுத்த வசனத்தில், நாம் வலிமை உடையவர்கள், ஆனாலும் முடிவு உங்களுடையது என்று அவர்கள் பதில் சொல்கிறார்கள். 12:43இல் எகிப்து மன்னன் தன் கனவுக்கு விளக்கம் கேட்கும்போதும் இதே வினைதான். 4:127, 4:176 ஆகிய வசனங்களில் மக்கள் நபியிடம் ஃபத்வா கேட்கிறார்கள். இறைவன் ஃபத்வா அளிப்பதாக விடை வருகிறது. அங்கே அது கட்டுப்படுத்துகிறது என்றால், சொல்பவன் இறைவன் என்பதால்.

இதே வேரிலிருந்து வரும் மற்றச் சொற்களையும் தெரிந்துகொள்வது நல்லது. கேள்வி இஸ்திஃப்தா. கேட்பவர் முஸ்தஃப்தி. விடை சொல்லும் பணி இஃப்தா, சொல்பவர் முஃப்தி. அந்தப் பணிக்கான அலுவலகம் தாருல் இஃப்தா. ஃபத்வாவின் பன்மை ஃபதாவா. அவுரங்கசீப் காலத்தில் அறிஞர் குழு ஒன்று தொகுத்த ஹனஃபி சட்டத் தொகுப்பு 'ஃபதாவா ஆலம்கீரி' என்று பெயர் பெற்றது இதனால்தான்.

ஒரு ஃபத்வா உருவாகும் விதம்

கேள்வி பெரும்பாலும் எழுத்தில் வரும். பழைய ஃபத்வாக்களில் உண்மைப் பெயர்களை நீக்கிவிட்டு ஸைத், அம்ர், ஹிந்த் என்ற பொதுப் பெயர்களைப் போட்டு எழுதுவது வழக்கம். முஃப்தி ஆளைப் பார்க்காமல் நிலைமையை மட்டும் பார்க்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அடுத்து அவர் விடுபட்ட விவரங்களைக் கேட்டு வாங்குகிறார். பிறகு தம் மத்ஹபின் (ஹனஃபி, ஷாஃபி போன்ற சட்டப் பள்ளியின்) நூல்களிலிருந்து ஆதாரம் காட்டி விடை எழுதுகிறார். இறுதியில் 'வல்லாஹு அஃலம்', அதாவது அல்லாஹ்வே நன்கறிந்தவன் என்று முடித்துக் கையொப்பமும் முத்திரையும் இடுகிறார். அந்தக் கடைசி வரியை வெறும் சம்பிரதாயம் என்று கடந்துவிடக் கூடாது. இது என் அறிவுக்கு எட்டிய விடை, இதில் தவறு இருக்கலாம் என்று முஃப்தியே எழுதிக் கொடுக்கும் ஒப்புதல் அது.

விடையின் நீளம் முஃப்தியைப் பொறுத்தது. உஸ்மானியப் பேரரசின் ஷைகுல் இஸ்லாமாக (தலைமை முஃப்தியாக) 1545 முதல் 1574 வரை இருந்த அபுஸ்ஸுஊத் எஃபெந்தியின் ஃபத்வாக்கள் பலவற்றில் கேள்வி பல வரி ஓடும். விடையோ 'ஓலுர்', 'ஓல்மாஸ்' என்ற ஒற்றைத் துருக்கிச் சொல்லாக நிற்கும். நம் ஊர் ஹஜ்ரத்துகள் (மார்க்க அறிஞர்கள்) சொல்லும் 'கூடும்', 'கூடாது' அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. இமாம் மாலிக்கிடம் ஒருமுறை 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32 கேள்விகளுக்குத் 'தெரியாது' என்றே விடை சொன்னார் என்று இஃப்தா பற்றிய நூல்கள் பதிவு செய்கின்றன. தெரியாது என்று சொல்லத் தெரிவதை முஃப்தியின் தகுதிகளில் ஒன்றாக அந்த நூல்கள் வைக்கின்றன.

கேள்விதான் ஃபத்வாவைத் தீர்மானிக்கிறது என்பதற்குச் சொத்துப் பங்கீட்டைவிட நல்ல உதாரணம் இல்லை. ஒருவர் இறந்துவிட்டார், மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள் என்று கேள்வி வருகிறது. இறந்தவரின் கடனை அடைத்து, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்தையும் (உயிலையும்) நிறைவேற்றிய பின் எஞ்சியதை 32 பங்காக்க வேண்டும். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 4 பங்கு. மீதி 28இல் மகனுக்கு 14, மகள்களுக்கு 7, 7. இந்த விடை சரியானது. ஆனால் இறந்தவரின் தாய் உயிரோடு இருப்பதைக் கேட்டவர் எழுத மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கு ஆறில் ஒன்று உண்டு. இப்போது மொத்தம் 96 பங்கு: மனைவிக்கு 12, தாய்க்கு 16, மகனுக்கு 34, மகள்களுக்கு 17, 17. முன்பு மகனுக்குச் சொன்ன 14/32 என்பதை 96இல் எழுதினால் 42. ஒரே ஒரு விவரம் விடுபட்டதில் மகன் கையில் 8 பங்கு கூடுதலாகப் போயிருக்கும், பாட்டி வெறுங்கையோடு நின்றிருப்பார். முஃப்தி எழுதியதில் பிழை எதுவும் இல்லை. அந்த முதல் விடையை வேறொரு குடும்பம் எடுத்துத் தனக்குப் பொருத்திப் பார்த்தால் என்ன ஆகும் என்பது இதிலிருந்தே புரியும்.

மத்ஹபும் விடையை மாற்றும். பெண்கள் அணியும் தங்க நகைக்கு ஜகாத் (கட்டாய தர்மம்) உண்டா? ஹனஃபி முஃப்தி, 20 மித்கால் அளவை எட்டினால் உண்டு என்பார். இந்திய ஹனஃபி நூல்களில் அது ஏழரைத் தோலா, அதாவது 87.48 கிராம், 8 கிராம் பவுன் கணக்கில் ஏறக்குறைய 11 பவுன். ஜகாத் விகிதம் இரண்டரை சதவீதம். ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்தின்படி, வழக்கமான அளவில் அணிவதற்கான நகைக்கு ஜகாத் இல்லை. தமிழ்நாட்டில் இரு மத்ஹபுகளும் உண்டு; கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபிகள் மிகுதி. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் இரண்டு விடை பெற்று வந்தால் இருவருமே சரியாகத்தான் பெற்று வந்திருக்கிறார்கள். மார்க்கத்தில் குழப்பம் என்று இதை எடுத்துக்கொள்பவர்கள், ஃபத்வாவைச் சட்டப் பிரிவு போல எதிர்பார்ப்பதால்தான் தடுமாறுகிறார்கள்.

இன்னொரு பிழை இதைவிடப் பரவலானது. விடையில் மக்ரூஹ் (விரும்பத்தகாதது) என்று இருப்பதைக் 'கூடாது' என்று சொல்லி, அதைக் கேட்டவர் ஹராம் (தடுக்கப்பட்டது) என்று அடுத்தவருக்குச் சொல்லிவிடுவார். ஃபர்ளு (கட்டாயக் கடமை), சுன்னத் (செய்வது நல்லது), முபாஹ் (செய்யலாம், விடலாம்), மக்ரூஹ், ஹராம் என்ற ஐந்து படிகள் இரண்டாகச் சுருங்கிப் போகின்றன. மார்க்கம் முழுவதும் கட்டளையும் தடையும்தான் என்ற எண்ணம் வளர இது ஒரு முக்கியக் காரணம்.

முஃப்தியும் காழியும்

தீர்ப்பு சொல்பவர் காழி. தமிழ்நாட்டில் காஜி என்றும் இலங்கையில் காதி என்றும் வழங்குவது இந்தச் சொல்லே. காழி இரு தரப்பையும் அழைத்துச் சாட்சி கேட்கிறார். அவர் முடிவு இருவரையும் கட்டுப்படுத்தும். முஃப்தி ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துப் பேசுகிறார். மாலிக்கி அறிஞர் கராஃபீ (இறப்பு 1285) இந்த வேறுபாட்டுக்காகவே ஒரு தனி நூல் எழுதினார். இறைவனைப் பொறுத்தவரை முஃப்தி ஒரு மொழிபெயர்ப்பாளர் போன்றவர், காழி பிரதிநிதி போன்றவர் என்பது அவர் விளக்கம். மொழிபெயர்ப்பவர் சொன்னதைச் சொல்லலாமே தவிரத் தாமாக எதையும் விதிக்க முடியாது.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டப்படி காதி நீதிமன்றங்கள் இயங்குகின்றன. மேல்முறையீடு காதிகள் சபைக்குப் போகும். 1924இல் தொடங்கிய அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் ஃபத்வாக் குழு செய்வது வேறு வேலை, கேட்பவருக்கு விடை சொல்வது. இந்தியாவில் 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டமே, காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதையும் தருவதாகக் கொள்ளக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

அப்படியானால் கொலை மிரட்டல் என்ற பொருள் எங்கிருந்து வந்தது? 1989 பிப்ரவரி 14 அன்று ஈரானின் ஆயத்துல்லா கொமெய்னி ஒரு நாவலாசிரியரைக் கொல்ல அழைப்பு விடுத்தார். அந்த அறிவிப்பை உலகச் செய்தி நிறுவனங்கள் ஃபத்வா என்று அறிவித்தன. அதற்கு முன் இந்தச் சொல்லைக் கேட்டிராத கோடிக்கணக்கானோர் முதன்முதலில் கேட்டது அந்தப் பொருளில்தான். ஷியா சட்டவியல் ஃபத்வாவையும் ஹுக்மையும் வேறாகப் பிரிக்கிறது. ஃபத்வா அதைச் சொன்ன முஜ்தஹிதை (சட்ட ஆய்வறிஞரை) பின்பற்றுவோருக்கானது. ஹுக்ம் மற்றவரையும் கட்டுப்படுத்துவது. அந்த அறிவிப்பு ஹுக்ம் வகையைச் சேர்ந்தது என்று வாதிட்டவர்கள் உண்டு. செய்திகளில் இந்தப் பிரிவினைக்கு இடமில்லாமல் போயிற்று. ஓராண்டில் தாருல் இஃப்தாக்களுக்கு வரும் கேள்விகளோ தொழுகை, நோன்பு, தலாக், கடன், வட்டி, பங்கீடு பற்றியவை. அவற்றில் எதுவும் செய்தியாவதில்லை.

தமிழில் எப்படிச் சொல்வது

'ஆணை', 'கட்டளை' இரண்டும் பிழை. 'மார்க்கத் தீர்ப்பு' நெடுங்காலமாக முஸ்லிம் எழுத்தில் புழங்குவது. அதைப் பயன்படுத்தியவர்கள் 'ஐயம் தீர்த்தல்' என்ற பொருளை மனத்தில் கொண்டிருக்கலாம். அந்தப் பொருளில் அது குற்றமற்ற சொல். ஆனால் இன்று தீர்ப்பு என்றதும் நீதிமன்றம்தான் நினைவுக்கு வருகிறது. காழியின் வேலை முஃப்தி தலையில் ஏறிவிடுகிறது. 'மார்க்க விளக்கம்' தளர்வானது, பயானும் (மார்க்கச் சொற்பொழிவும்) விளக்கம்தான்.

'மார்க்கச் சட்ட விடை' என்பதே பொருந்தும்; சுருக்கமாக 'மார்க்க விடை'. ஸமக்ஷரீ சொன்னதும் விடை என்ற சொல்லைத்தான். நன்னூல் எட்டு வகை விடை சொல்கிறது. அவற்றில் ஏவல் ஒன்றே ஒன்று. பெரும்பாலான ஃபத்வாக்கள் 'ஆம்' என்னும் நேர்விடையிலும் 'ஆகாது' என்னும் மறைவிடையிலும் அடங்கிவிடும். விடை என்று சொன்னவுடன் கேள்வி எங்கே என்று வாசகர் தேடுவார். அந்தத் தேடலைத்தான் இந்தச் சொல்லிடமிருந்து நாம் எதிர்பார்க்கிறோம். கேள்வி கேட்டு மார்க்கம் அறியும் மரபு தமிழுக்குப் புதிதும் அல்ல. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிரம் மசலா' (மசலா என்றால் கேள்வி) முழுவதும் அப்துல்லாஹ் இப்னு ஸலாமின் கேள்விகளும் நபியின் விடைகளும்தான். இன்றும் ஊர்களில் 'ஹஜ்ரத்கிட்ட ஒரு மஸ்அலா கேக்கணும்' என்றுதான் சொல்கிறார்கள்.

செய்தி எழுதுபவர்கள் வினைச்சொல்லை மாற்றினாலே பாதிப் பிழை போய்விடும். ஃபத்வா 'பிறப்பித்தார்' வேண்டாம். 'அளித்தார்', 'கொடுத்தார்', 'சொன்னார்' போதும். ஃபத்வாவை 'மீறினார்' என்பதும் வேண்டாம். 'ஏற்கவில்லை' என்பது சரி. யார் கேட்ட கேள்விக்கு என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். கேள்வியே இல்லாமல் ஒருவர் மேடையில் பேசியதைக் 'கருத்து' என்றே எழுதலாம்.

2014 ஜூலை 7 அன்று இந்திய உச்ச நீதிமன்றமும் இதே பொருளைத்தான் உறுதி செய்தது: ஃபத்வா ஒரு கருத்து, அதற்குச் சட்ட வலு இல்லை, யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. சம்பந்தப்பட்டவரோ நேரடி அக்கறை உள்ளவரோ கேட்காமல் தனிமனிதரின் உரிமையைப் பாதிக்கும் ஃபத்வா கொடுக்கக் கூடாது என்றும் சொன்னது. வங்கதேசத்தில் 2001இல் உயர் நீதிமன்றம் ஃபத்வாவையே தடை செய்தது. 2011இல் மேல்முறையீட்டுப் பிரிவு, கொடுக்கலாம், ஆனால் அதன் பெயரில் யாரையும் தண்டிக்கக் கூடாது என்று திருத்தியது.

ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. மலேசியாவில் மாநில அரசிதழில் வெளியான ஃபத்வா அந்த மாநில முஸ்லிம்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும். அங்குள்ள தமிழ் முஸ்லிம்களுக்கும் அது பொருந்தும். அதைத் தமிழில் எழுதும்போது வெறும் 'ஃபத்வா' என்று விடாமல் 'அரசிதழில் வெளியான ஃபத்வா' என்று முழுமையாக எழுத வேண்டும். கட்டுப்படுத்தும் வலு அரசிதழிலிருந்து வருகிறது.