பிளாட்: மனையா, சதியா, பின்னலா?

"அத்தை, பாதாள பைரவி பிளாட்டைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுத வேண்டும்" என்றாள் அண்ணன் மகள். திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "எத்தனை அங்கணம்?" என்று கேட்டார்.

அங்கணம் என்பது எங்கள் பக்கத்தில் மனையை அளக்கும் அளவு. அவள் சொன்னதோ பாதாள பைரவி என்ற பழைய படத்தின் பிளாட், அதாவது அதன் கதை அமைந்த விதம். எங்களுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் அவர் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திரத்தில் இருக்கும் எங்கள் நகரியில் பிளாட் என்றால் மனைதான். திருத்தணிக்குப் போகும் சாலையிலும் புத்தூருக்குப் போகும் சாலையிலும் வயலுக்கு நடுவே வர்ணம் பூசிய எல்லைக்கற்கள் முளைத்து நிற்கின்றன. தெலுங்கர்களும் பிளாட்டு என்கிறார்கள், நாமும் பிளாட் என்கிறோம். போதாக்குறைக்கு, அடுக்குமாடி வீட்டையும் தமிழில் அதே எழுத்துகளால் எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அவை இரண்டு வேறு சொற்கள். இத்தனைக்கும் நடுவே கதையின் பிளாட் என்று ஒன்று வந்தால் அதை அங்கணக் கணக்கில் அளக்கத்தான் தோன்றும்.

அப்பா அறியாமலேயே சொல்லின் வேரைத் தொட்டுவிட்டார். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குச் சிறிய நிலத்துண்டு என்பதுதான் பொருள். பிறகு நிலத்தை அளந்து தாளில் வரைந்த படத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. படத்திலிருந்து திட்டம், திட்டத்திலிருந்து இரகசியத் திட்டம். சதி என்ற பொருள் ஒட்டிக்கொண்டது 16ஆம் நூற்றாண்டில். அதே பொருளுடைய ஒரு பிரெஞ்சுச் சொல்லின் சாயல் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பார்கள். 1605இல் லண்டனில் நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கப் பார்த்தார்களே, அந்த நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் இன்றும் 'வெடிமருந்து பிளாட்' என்றுதான் பெயர். கதையின் அமைப்பு என்ற பொருள் கடைக்குட்டி. அது வேரூன்றியது 17ஆம் நூற்றாண்டில்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் வேறொன்று. ஷேக்ஸ்பியர் காலத்து நாடகக் கொட்டகைகளில், எந்தக் காட்சியில் யார் யார் மேடையேற வேண்டும் என்று வரிசையாக எழுதிய ஒரு தாளை அட்டையில் ஒட்டி, திரைக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருப்பார்கள். அந்த அட்டைக்கும் பிளாட் என்றே பெயர். அவற்றுள் சில இன்றும் இருக்கின்றன, மாட்டுவதற்கு இட்ட துளையோடு. நம் தெருக்கூத்துக்காரர்கள் அட்டையில்லாமலேயே விடிய விடிய ஆடிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கல்லூரியில் கொடுத்த குறிப்பில் ஒரே பக்கத்தில் கதைக்கரு, கதைக்களம், கதையமைப்பு என்று மூன்று சொற்கள் மாறி மாறி வந்திருந்தன. மூன்றும் ஒன்றையே சொல்வதுபோல எழுதியிருந்தார்கள். கதைக்களம் கதை நடக்கும் இடம். இந்தப் படத்துக்கு அது உஜ்ஜயினியும் மந்திரவாதியின் குகையும். கதையமைப்பு குற்றமற்ற சொல், ஆனால் வீட்டமைப்பு, உடலமைப்பு என்பதுபோல எதற்கும் பொருந்துகிறது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் சட்டை யாருக்கும் அளவாக இருக்காது. கதைக்கரு என்பதில்தான் எனக்கு உண்மையான சண்டை இருக்கிறது. அதற்கு அடியார்க்குநல்லாரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை எழுதும்போது அவர் நாடகத்துக்கு ஐந்து சந்திகளைச் சொல்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். சந்தி என்றால் இங்கே நமக்கு முச்சந்தியும் நாற்சந்தியும்தான் நினைவுக்கு வரும். பொருளும் அதுதான், இரண்டு கூடும் மூட்டு. வடமொழி நாட்டிய சாத்திரமும் ஐந்து சந்திகளைச் சொல்கிறது. ஆனால் அடியார்க்குநல்லார் அவற்றை விளக்க வயலில் இறங்கிவிடுகிறார். முகம், உழுத நிலத்தில் இட்ட விதை முளைப்பது. பிரதிமுகம், முளை இலைவிட்டு நாற்றாவது. கருப்பம், நாற்று வளர்ந்து தன்னுள் கருவைப் பொதிந்து நிற்பது. விளைவு, கதிர் திரண்டு தலைசாய்ந்து முற்றுவது. துய்த்தல், அறுத்துப் போரடித்துத் தூற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது. உ.வே.சாமிநாதையர் 1892இல் இவ்வுரையோடு சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். அன்றிலிருந்து இந்த விளக்கம் நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது.

கவனியுங்கள். இந்தக் கணக்கில் விதை முதலில் வருகிறது, கரு மூன்றாவதாக வருகிறது. அப்படியிருக்க, பயிர் முழுவதையும் கதைக்கரு என்று அழைப்பது நெல் வயலைக் காட்டி 'இது பால்பிடித்த மணி' என்று சொல்வதைப் போன்றது. கதைக்கரு என்பதை ஒரு கதையின் உள்ளே இருக்கும் எண்ணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 'ஏழை ஒருவன் தன் துணிச்சலால் இளவரசியை அடைகிறான்' என்பது கரு. அதை வைத்து நூறு படம் எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறார்கள். அந்த நூறும் ஒன்றுக்கொன்று வேறுபடுவது எதனால்? அதற்குத்தான் சொல் வேண்டும்.

படத்துக்கு வருவோம். பாதாள பைரவி 1951இல் விஜயா நிறுவனம் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த மாயாஜாலப் படம். இயக்கியவர் கே.வி.ரெட்டி. என்.டி.ராமாராவ் தோட்டக்காரன் மகன் ராமுடு, எஸ்.வி.ரங்காராவ் நேபாள மந்திரவாதி. எங்கள் பக்கத்தில் இதைத் தமிழ்ப் படம் என்பாரும் உண்டு, தெலுங்குப் படம் என்பாரும் உண்டு. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை மாறியபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நகரி ஆந்திரப் பக்கம் நின்றது. படத்தை மட்டும் யாரும் பங்கு பிரிக்கவில்லை.

அண்ணன் மகளை உட்கார வைத்து, ஐந்து சந்திகளையும் படத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். முகம் எளிது. ராமுடு இளவரசியின் மேல் ஆசை வைக்கிறான். தனக்குச் சமமான செல்வத்தோடு வந்தால் பெண் தருவதாக அரசன் சொல்கிறான். இன்னொரு புறம், பாதாள பைரவிக்குப் பலியிட ஒரு வீரனைத் தேடுகிறான் மந்திரவாதி. இரண்டு விதைகள் ஒரே வயலில் விழுந்துவிட்டன. இருவரும் சந்தித்துக் குகைக்குள் போவது நாற்றுப் பருவம்.

கருப்பம்தான் படத்தின் உயிர். குகைக்குள் ஒரு முதலை வருகிறது. ராமுடு அதைக் கொல்ல, சாபம் நீங்கி ஒரு பெண் வெளிப்பட்டு, பலியாகப் போவது நீதான் என்று எச்சரிக்கிறாள். அவன் முந்திக்கொண்டு மந்திரவாதியையே பலி கொடுத்துவிடுகிறான். கேட்டதைத் தரும் பைரவி சிலை அவன் கைக்கு வருகிறது. அரண்மனை வருகிறது, செல்வம் வருகிறது, திருமணம் நிச்சயமாகிறது. மணி பால்பிடித்துவிட்டது என்று நாம் மூச்சுவிடும் நேரத்தில் சீடன் மூலிகையால் குருவை எழுப்பிவிடுகிறான். எழுந்தவன், இளவரசியின் மேல் வீணாசை கொண்ட அரசியின் தம்பி சூரசேனனைப் பிடித்துச் சிலையைத் திருடச் செய்கிறான். சிலை போனதும் அரண்மனை, செல்வம், இளவரசி எல்லாமே மாயமாகின்றன.

"இந்தத் திருட்டை எந்தச் சந்தியில் வைப்பது அத்தை? விளைவு என்றால் முற்றுவதுதானே, இங்கே எல்லாம் பறிபோகிறதே" என்றாள் அவள். நல்ல கேள்வி. வடமொழிக் கணக்கில் நான்காம் சந்திக்கு விமரிசம் என்று பெயர், தடையும் தயக்கமும் அங்கே இடம்பெறும். அடியார்க்குநல்லாரின் வயலில் நான்காவது விளைச்சல்தான். விடை சொன்னவர் அப்பா. செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கதிர்நாவாய்ப் பூச்சி எப்போது விழும்?" என்று கேட்டார். பால்பிடிக்கும் பருவத்தில் விழும். மணிக்குள் இருக்கும் பாலை உறிஞ்சிவிட்டால் கதிர் நிமிர்ந்தே நிற்கும், உள்ளே பதர். நாற்றில் விழுந்தால் மறுபடி நடலாம், முற்றிய பின் விழுந்தால் அதனால் கேடில்லை. ஆகவே சூரசேனனின் திருட்டு கருப்பத்தில்தான் நிற்கிறது. படம் எழுதியவர்கள் அந்தப் பருவம் பார்த்துத்தான் பூச்சியை விட்டிருக்கிறார்கள்.

விளைவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராமுடுவும் தோழன் அஞ்சியும் தேடிப் புறப்படுகிறார்கள். அஞ்சி சீடனைப் போல உருமாறிப் போய், இளவரசிக்குப் பிடிக்கும் என்று ஆசைகாட்டி மந்திரவாதியின் தாடியை மழிக்கச் செய்கிறான். அவன் ஆற்றல் முழுவதும் அந்தத் தாடியில்தான் இருந்தது. அவ்வளவுதான், தலை சாய்ந்தது. துய்த்தலுக்கு அதிக நேரம் கொடுக்கவில்லை. நம் பழைய படங்களில் அறுவடைக்குச் சில நிமிடங்கள், விருந்துக்கு ஒரு நிமிடம். கதை முடிந்ததும் தெலுங்கில் "கதை காஞ்சிக்கு, நாம் வீட்டுக்கு" என்பார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். கதை எங்கள் ஊர் வழியாகத்தான் போயாக வேண்டும்.

இப்போது சொல். கதைக்கட்டு என்று சிலர் எழுதுகிறார்கள். 'கதை கட்டுகிறான்' என்றால் தமிழில் பொய் சொல்கிறான் என்று பொருள். சதி என்ற பொருளுக்கு அது பக்கத்து வீடு. கதைக்கோப்பு நல்ல சொல்லாக இருந்தது, அலுவலகங்கள் கோப்பைக் காகிதக் கட்டுக்குப் பிடித்துக்கொண்டன. தெலுங்கிலும் மலையாளத்திலும் இதிவிருத்தம் என்ற வடமொழிச் சொல் புழங்குகிறது. 'இப்படி நடந்தது' என்பது அதன் பொருள். நாம் விருத்தம் என்றால் பாட்டைத்தான் நினைப்போம். அதனால் அது இங்கே ஒட்டாது.

மிஞ்சுவது கதைப்பின்னல். திறனாய்வாளர்கள் நெடுநாளாகப் புழங்கும் சொல். இதற்கும் எங்கள் தெருவில் மறுப்பு வந்தது. நகரி தறிகள் நிறைந்த ஊர். எதிர்வீட்டு நெசவாளர், "சேலையை யாரம்மா பின்னுகிறார்கள், நெய்கிறோம். கதைநெசவு என்று எழுதச் சொல்லுங்கள்" என்றார். தெலுங்கிலும் கதையை 'அல்லுவது' என்றுதான் சொல்கிறார்கள், அதுவும் பின்னுவதுதான் என்றேன். அவர் ஒப்பவில்லை. அன்றிரவு யோசித்தபோது அவர் தொழிலே எனக்கு விடை கொடுத்தது. தறியில் பாவு நீளமாக அசையாமல் நிற்கிறது, ஊடை மட்டும் குறுக்கே ஓடுகிறது. இரண்டுக்கும் வேலை வேறு, இடம் வேறு. சடையில் அப்படியில்லை. மூன்று புரிகளும் சமம். ஒன்று மேலே வரும்போது மற்றொன்று அடியில் மறைகிறது, ஆனால் அறுவதில்லை, இரண்டு திருப்பம் கழித்து மேலே வருகிறது.

ராமுடு ஒரு புரி, மந்திரவாதி ஒரு புரி, சூரசேனன் ஒரு புரி. சிரிப்பு மூட்ட வந்தவன் என்று நாம் மறந்துவிட்ட சூரசேனன் சரியான நேரத்தில் மேலே வந்து சிலையைத் திருடுகிறான். செத்துப்போன மந்திரவாதி அடியில் மறைந்த புரி. அவனை எழுப்பும் சீடனை முன்பே காட்டிவிட்டதால் அந்தத் திரும்புதல் நமக்கு ஏமாற்றாகத் தெரிவதில்லை. 'பிறகு, பிறகு' என்று போவது கதை. 'அதனால், அதனால்' என்று ஒன்றை ஒன்று இழுத்தால் அது பின்னல்.

பின்னல் தளரும் இடமும் படத்தில் உண்டு. தேடிப் போகும் வழியில், சண்டையிட்டுக்கொள்ளும் இருவரிடமிருந்து மாயக் காலணியும் ஆளை மறைக்கும் போர்வையும் கிடைக்கின்றன. அந்த இருவரும் முன்பு வந்ததில்லை, பிறகும் வருவதில்லை. இது எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம். படத்தின் கதைக்குத் தூண்டுதல் மதிர சுப்பன்ன தீட்சிதர் எழுதிய காசி மஜிலிக் கதைகளில் ஒன்று. மஜிலி என்றால் பயணத்தில் தங்குமிடம், மன்ஜில் என்ற அரபுச் சொல் தெலுங்கில் தேய்ந்து வந்தது. காசிக்கு நடந்து போகிறவர் தங்கும் ஒவ்வோர் இடத்திலும் துணைக்கு வந்தவனுக்கு ஒரு கதை சொல்கிறார். தங்கல் மாறினால் கதை மாறும், முன்னதற்கும் பின்னதற்கும் கணக்கு வேண்டியதில்லை. அந்தக் காலணியும் போர்வையும் எனக்கு மஜிலி வழக்கத்தின் மிச்சமாகவே படுகின்றன. இப்படிப்பட்ட கோவையைக் கதைச்சரம் என்று சொல்லலாம். சரத்தில் ஒரு பூவை உருவினாலும் மற்றவை நிற்கும். பின்னலில் ஒரு புரியை உருவினால் சடை அவிழ்ந்துவிடும்.

அண்ணன் மகள் கட்டுரைக்குத் தலைப்பு வைத்துவிட்டாள்: 'பாதாள பைரவியின் கதைப்பின்னல்'. பத்துப் பக்கமும் முடிந்தது. அப்பாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார்.

"எல்லாம் சரி. பைரவி ஒரே இரவில் எழுப்பிக் கொடுத்தாளே அரண்மனை, அந்த மனை யார் பெயரில் இருந்தது? அடங்கலில் ஏறியதா?"